ஒரு டப்பா சத்து

உடற்கல்வி ஆசிரியர் வேலை என்பது, மற்ற டீச்சர்கள் கடன் வாங்கிப் போன பீரியட்களில் மிஞ்சியதைக் கொண்டு பிள்ளைகளை ஓடவைக்கிற வேலை. கழுத்தில் விசில் மாட்டிய உங்களுக்கு இது புதிதல்ல. திருமானூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பெண்பிள்ளைகள் கால்பந்து அணியை வைத்துக்கொண்டு நான் பட்டதையும் உங்கள் வயிற்றெரிச்சலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முட்டையும் போட்டோவும்

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள். நன்கொடை தர ஒரு பெரிய மனிதர் முன்வந்தபோது, பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு முட்டையும் கொஞ்சம் சுண்டலும் போதும் என்று கேட்டேன். அவர் புரோட்டீன் பவுடர் டப்பாக்களோடு வந்து இறங்கினார். மூடிக்கு மூடி அவர் முகம் ஸ்டிக்கரில் சிரித்தது. ஓடி, நின்று, மறுபடி ஓடுகிற ஆட்டம் இது, முதலில் வயிற்றில் சோறு வேண்டும், பவுடரெல்லாம் அதற்கு மேல்தான் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"முட்டையக் கையில குடுத்து போட்டோ எடுத்தா நல்லாவா இருக்கும், டீச்சர்?"

கடன் போன பீரியட்

அணியில் கவிதா என்று ஒரு பெண். அப்பா இல்லை, அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் மூன்று வேளைச் சாப்பாடும் படிப்பும் அங்கேயே. அதற்கான தேர்வில் பீப் டெஸ்ட் உண்டு: ஸ்பீக்கரில் 'பீப்' கேட்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும், போகப் போகச் சத்தம் சீக்கிரம் சீக்கிரமாக வரும். எங்கள் பள்ளியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பவள் அவள்தான். அவள் பயிற்சிக்காக என் பீரியடைத் திருப்பிக் கேட்டேன். கணக்கு டீச்சருக்கு ஆச்சரியம்.

"அதான் பவுடர் குடிக்குதுல்ல, அப்புறம் எதுக்கு ஓடிக்கிட்டு?"

வேப்பமரத்தடி

அரியலூரில் நடந்த தேர்வில் கவிதா பாதியிலேயே கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்து வேப்பமர நிழலில் கிடத்தினேன். கூட வந்திருந்த அவள் அம்மா முந்தானையால் விசிறினார். வீட்டில் என்னதான் சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். டப்பா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மகளுக்கு மீன், கருவாடு, தயிர் கிடையாதாம். காலையில் பழையதும் கிடையாதாம். சத்துணவு முட்டையைக்கூடப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். பெருமையாகத்தான் சொன்னார். டப்பாவில் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். அந்தம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"அவ்ளோ வெல மருந்துங்க டீச்சர், பத்தியம் தப்புனா வேலை செய்யுங்களா? புள்ள ஆசப்பட்டுடும்னு வூட்டுல நாங்களும் கருவாடு வைக்கலைங்க."

இலவச ஆலோசனை

தேர்வாளரிடம் போய் நின்றேன். நன்றாகச் சாப்பிட வைத்துக் கூட்டி வருகிறேன், இன்னொரு முறை ஓடவிடுங்கள் என்று கெஞ்சினேன். முடியாது, அடுத்த வருடம் வாருங்கள் என்றார். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். கவிதா முதுகில் குத்தியிருந்த நம்பர் துணியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் கெட்டவர் இல்லை. வாங்கிக்கொண்டு அக்கறையாகத்தான் சொன்னார்.

"ஆட்டம் நல்லாருக்குங்க மேடம், ஒடம்புலதான் சத்து இல்ல. நல்ல புரோட்டீன் பவுடரா பாத்து வாங்கிக் குடுங்க."

பிள்ளைக்குப் பசி என்று சொன்னால் ஒருவர் காதிலும் விழுவதில்லை, சத்துக் குறைவு என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு டப்பாவோடு வாசலில் வந்து நிற்பார்கள்.