வெட்டினால் கையொப்பம் வேண்டும்

போன வெள்ளிக்கிழமை ஒரு பாடசாலை அதிபர் என் மகளிடம் பேச்சு வாங்கினார். பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். ஒரு தகப்பனாக வெட்கப்பட்டிருக்க வேண்டும்... படவில்லை. முதலில் இருந்து சொன்னால்தான் ஏனென்று விளங்கும்.

மகள் மீராவுக்குப் பதினொரு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. ஐந்தாம் ஆண்டு வரை எங்கள் கட்டுகஸ்தோட்டையிலேயே சின்னப் பள்ளிக்கூடம் – ஒரே அறை, ஒரே டீச்சர், ஒரே மேசை. இந்த முறை ஆறாம் ஆண்டு. கண்டி டவுனில் பெரிய பள்ளிக்கூடம். நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி, மணிக்கு ஒரு டீச்சர். சங்கீதத்துக்கு மாடி ஏறு, விஞ்ஞானத்துக்குக் கீழே இறங்கு... எனக்கே தலை சுற்றியது.

அதிபர் நல்ல மனிதர். ஆனால் பயந்த மனிதர். அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஒரு மாத காலத்துக்குப் பரீட்சார்த்தமாக.' அந்த மாதம் சரியாகப் போகாவிட்டால்?

"வேற இடம்தான் பாக்கணும்" என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

வேறு இடமா? ஏற்கெனவே மூன்று பள்ளிக்கூடங்களின் படி ஏறி, அதே வேகத்தில் இறங்கித்தான் இங்கே வந்திருந்தோம்.

விடுமுறை முழுக்க மனைவி சாந்திதான் பிள்ளையைத் தயார்படுத்தினாள். மடவளை பஸ்ஸில் டவுனுக்கு ஒத்திகைப் பயணம். காவலாளியிடம் கெஞ்சி, ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் மாடிப்படிகளை எண்ணிப் பழக்கம். மணிச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு.

என் பங்களிப்பு? எந்த மணிக்கு எந்தப் பாடம் என்ற நேரசூசியைப் பிரதி பண்ணிக் கொடுத்தேன். மாநகரசபையில் இருபத்திரண்டு வருடமாகப் பிரதி பண்ணுகிறவன், அதையாவது உருப்படியாகச் செய்வான் என்று வீட்டில் நம்பினார்கள். நான்கு நிறம், அடிமட்டம் வைத்துக் கோடு, மேலே பிளாஸ்டிக் உறை. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

முதல் இரண்டு நாளும் நன்றாகப் போயின. மூன்றாம் நாள், புதன்கிழமை, அலுவலகத்துக்கு ஃபோன். மீராவின் வகுப்பாசிரியை. மடவளைக்காரர், படபடவென்று பேசுவார்.

"மகள் கணக்குப் பாடத்துல எழும்பிப் போய் சங்கீத ரூம்ல தனிய ஈக்கிறா. கூப்பிட்டா வாறா இல்ல, அழுறா. அதிபருக்கும் தெரிஞ்சு போச்சு. சுருக்கா வாங்க."

முச்சக்கர வண்டி வாவிக்கரையில் ஊர்ந்தது. நாலாவதாகவும் ஒரு படி இறங்க வேண்டுமா?

சங்கீத அறை மூலையில் மீரா, நேரசூசியை நெஞ்சோடு அணைத்தபடி. கதவடியில் டீச்சர்.

"புதன். மூணாவது பாடம். சங்கீதம்" என்றாள் மீரா, விம்மலுக்கு நடுவே. "மத்த எல்லாரும் பிழையான இடத்துல இருக்காங்க."

டீச்சரிடம் இருந்த அசலை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது கணிதம், நான்காவது சங்கீதம். என் அழகான பிரதியில் இரண்டும் இடம் மாறி இருந்தன! அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே, கையில் இருந்த நேரசூசியை மீறாத ஒரே ஆள் அழுதுகொண்டிருந்தாள். பிழை விட்டவன் டை கட்டி நின்றான்.

பேனாவை எடுத்தேன். வெட்டினேன். திருத்தினேன்.

"செல்லாது" என்றாள்.

"ஏம்மா?"

"வெட்டினா பக்கத்துல சைன் வைக்கணும். இல்லாட்டி ஃபோர்ம் செல்லாது. போய்ட்டு நாளைக்கு வாங்க."

அச்சு அசலாக என் குரல்! முந்தைய விடுமுறைகளில் அவளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் இருத்தி வைத்ததன் பலன். எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருப்பேன்... கையொப்பம் வைத்தேன்.

"அப்பா இந்த ஸ்கூல்ல வேல செய்யல. சீலும் இல்ல."

அந்த நேரம் பார்த்தா அதிபர் வர வேண்டும்? முகத்தில் 'வேற இடம்' என்று எழுதியே ஒட்டியிருந்தது. டீச்சர் முந்திக்கொண்டார்.

"சேர், பிழை தகப்பன்ட. புள்ளட இல்ல. ஒரு சைன் வெச்சு, சீல் அடிச்சுக் குடுங்களேன்."

அதிபர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாநகரசபையைப் பற்றி அவருக்கு முன்பே ஓர் அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும், அது உறுதியாயிற்று. சீல் கட்டையை வரவழைத்தார். கையொப்பம் வைத்து, ஊதி, அடித்தார். மீரா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"இப்ப சரி. கணக்குக்குப் போறேன்."

எழுந்து இரண்டடி வைக்கவில்லை – டாண்! மணி. மூன்றாம் பாடம் முடிந்தது. மீரா காதைப் பொத்திக்கொண்டு நேரசூசியைப் பார்த்தாள்.

"நாலாவது, சங்கீதம்" என்று திரும்பிப் போய் அதே மூலையில் உட்கார்ந்தாள்.

அதிபர் சிரித்துவிட்டார். அவருக்குப் பல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். யாராவது லீவா? பாடம் மாறுகிறதா? காலையிலேயே மீராவின் கையில் ஒரு துண்டு – மாற்றம், கையொப்பம், சீல். அதை நேரசூசியில் ஒட்டிக்கொண்டு புது இடத்துக்குப் போய்விடுவாள். இரண்டாம் கிழமை, தெல்தோட்டையில் இருந்து வந்து சேர்ந்த ஒரு பிள்ளை, மாடியும் தெரியாமல் கீழும் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவள், "நானும் ஒன் கூடவே வாறேன்டி" என்று மீராவோடு ஒட்டிக்கொண்டாள்.

"அவளுக்குப் படி எண்ணத் தெரியாது" என்றாள் மீரா வீட்டில், பெரிய பொறுப்போடு. "நான்தான் எண்ணிச் சொல்றேன்."

சாந்தி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

போன வெள்ளியோடு அந்த ஒரு மாதம் முடிந்தது. கடிதத்தையும் பிள்ளையையும் கொண்டுவரச் சொன்னார் அதிபர். சிவப்புப் பேனா எடுத்தார். 'ஒரு மாத காலத்துக்குப் பரீட்சார்த்தமாக' என்ற வரியை நீளமாக வெட்டினார். மேலே எழுதினார்: 'நிரந்தரமாக.' சந்தோஷமாகக் கடிதத்தை நீட்டினார்.

மீரா வாங்கவில்லை.

"சேர், வெட்டினா சைன் வைக்கணும்னு எத்தன தரம் சொல்றது?"

வைத்தார். சீலும் அடித்தார்.

"தேதி?"

போட்டார்.

திங்கட்கிழமை என் மேசைக்கு ஒருவர், வெட்டித் திருத்திய படிவத்தோடு வந்தார். "பக்கத்தில் கையொப்பம் வேண்டும்" என்றேன் வழக்கம் போல. "நாளைக்கு வாங்க" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, என் பேனாவை நீட்டினேன்.