ஆறாவது றெக்கை

பனியே பெய்யாத ஊரில் பனிக்காலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எஞ்சினைத் தூங்கவைத்த குடும்பம், ரங்கூன் முழுக்கத் தேடினாலும் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பபேடான் பகுதியில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று நாலு பேர் இருந்தோம். சித்தப்பா எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. வேலை தெரியாததால் அல்ல, முதலாளியைவிட அதிகம் தெரிந்ததால்தான் என்று அம்மா அவருக்காகப் பரிந்து பேசுவாள். கடைசியில் பசுண்டாங் ஓடையில் கட்டிக்கிடந்த ஒரு பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. படகு ஒரு வெள்ளைக்காரருடையது. பாய்மரத்தோடு வயிற்றுக்குள் ஒரு டீசல் எஞ்சினும் அதற்கு உண்டு.

மழைக்காலத்துக்குத் தன் ஊருக்குப் புறப்பட்ட அவர், ஒரு புதுத் தண்ணீர்ப் பம்பையும் எஞ்சினின் ஆங்கிலப் புத்தகத்தையும் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பழைய பம்பை மாற்ற வேண்டும். எஞ்சினை மழையில் கெடாமல் மூடிவைக்க வேண்டும். அவர் திரும்பி வரும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடினால் சித்தப்பாவுக்கு நிரந்தர வேலை. ஓடாவிட்டால், இருக்கவே இருக்கிறது மலேசியா. அப்பா ஏற்கெனவே ஆள் அனுப்பும் ஏஜெண்டிடம் பேசி, பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தார். எதிர்வீட்டு அண்ணன் மலேசியா போய் நாலு வருஷம் ஆகியும் திரும்பவில்லை. அதனால் சித்தப்பா போகக் கூடாது என்பதுதான் என்னுடைய ஒரே ஜெபமாக இருந்தது.

புத்தகம் படிக்கும் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. அவர் கியாக்டடாவில் ஓர் ஆபீசில் கிளார்க். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். பள்ளி விடுமுறை ஆனதால் நானும் கூடப் போனேன். படகில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, கோயிலில் வாசிக்கும் அதே குரலில் எஞ்சின் புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொன்னார். பனி விழுமுன் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடிக்கவும். சித்தப்பா தலையைத் தூக்கி, இங்கே பனிக்கு எங்கே போவது என்று கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்து, பனி என்று வரும் இடத்திலெல்லாம் மழை என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். அதற்கப்புறம் எல்லாம் சரியாகவே பொருந்தியது. பேட்டரியைக் கழற்றிக் கதகதப்பான அறையில் வைக்கவும் என்று ஒரு வரி இருந்ததால், அந்த மழைக்காலம் முழுக்க பேட்டரி என் கட்டிலுக்கடியில் குடியிருந்தது. ரங்கூனில் கதகதப்பில்லாத அறை எது என்று யாரும் கேட்கவில்லை.

பழைய பம்பைக் கழற்றியதும் உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் சக்கரம் இருந்தது. அதற்கு ஆறு றெக்கை. அது சுற்றித்தான் ஓடைத் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும். சித்தப்பா அதைச் செய்தித்தாளில் வைத்துவிட்டு, துணி எடுக்க மேலே போனார். அப்பா அடுத்த பக்கத்தில் மூழ்கியிருந்தார். ஒரு றெக்கை அறுந்து தனியே கிடந்தது. பார்ப்பதற்கு அசல் அழிரப்பர். எப்படியும் தூக்கிப்போடப் போகிற சாமான்தானே என்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்த சித்தப்பா றெக்கைகளை எண்ணினார். அஞ்சு. மறுபடி எண்ணினார், அஞ்சுதான். அப்பா புத்தகத்தைப் புரட்டி, அறுந்த துண்டு கிடைக்காமல் எஞ்சினைக் கிளப்பவே கூடாது என்று வாசித்தார். துண்டு குழாய்க்குள் போய் அடைத்தால் தண்ணீர் ஓடாது, எஞ்சின் வெந்துவிடுமாம்.

அவர்கள் தேடுவது என் பையில் இருப்பதுதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது சித்தப்பா எண்ணெயும் சேறுமாகப் பாதி எஞ்சினைப் பிரித்திருந்தார். முதல் நிமிஷத்தில் சொல்லியிருந்தால் ஒரு குட்டோடு போயிருக்கும். இவ்வளவு வேலைக்கப்புறம் எந்த வாயால் சொல்வது? மறுநாள் டியூஷனில் அந்த ரப்பரால் ஒரு கணக்கை அழித்துப் பார்த்தேன். பக்கம் முழுக்கக் கரி அப்பியது. டீச்சரிடம் அடி வாங்கியபோது, இது நமக்கு வேண்டியதுதான் என்றே தோன்றியது.

இரண்டாம் நாள் சித்தப்பா, பம்பிலிருந்து தண்ணீர் போய்ச் சேரும் பித்தளைக் கூடு ஒன்றைத் திறந்தார். உள்ளே மெல்லிய குழாய்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றின் வாயில் ரப்பர் துண்டுகள் கிடைத்தன. ஒன்றல்ல, மூன்று. ஆனால் எல்லாம் கரிக்கட்டையாக இறுகிய பழைய துண்டுகள். முன்னால் வேலை பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் அறுந்ததைத் தேடாமலே புது ரப்பரைப் போட்டு மூடியிருக்கிறார். பாதிக் குழாய்கள் அடைத்துக் கிடந்தன. சித்தப்பா எல்லாவற்றையும் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார். ஆனால் அவருடைய ஆறாவது றெக்கை மட்டும் கிடைக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "அது கெடைக்காம மூடினா எனக்கு நம்பிக்கை இல்லண்ணே. நீங்க ஏஜெண்டுகிட்ட சொல்லிருங்க, நான் மலேசியாவுக்கே போயிடறேன்."

நான் பாதிச் சோற்றோடு கை கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் படகில் நானும் அவரும் தனியாக இருந்தபோது கையை விரித்துக் காட்டினேன். அழுகை வந்துவிட்டது. அவர் துண்டை வாங்கி அறுந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"இத நீ அன்னிக்கே குடுத்திருந்தா அந்தக் கூட்ட நான் தொறந்தே இருக்க மாட்டேன்டி," என்றார். "புதுப் பம்பப் போட்டு மூடியிருப்பேன். எஞ்சினும் வெந்திருக்கும், நானும் மலேசியா போயிருப்பேன்."

கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டு குழாய்க்குள் கிடைத்ததாக அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றார். அந்த ஒரு நொடியில் நான் திருடியிலிருந்து ரட்சகி ஆகிவிட்டேன். சித்தப்பாவை ஊரில் நிறுத்திவைக்கப் போவதே நான்தான் என்ற கர்வம் தலைக்கேறியது. புதுப் பம்பு ஏறியது. நான் வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்ற, எஞ்சின் அதைக் குடித்து உப்பையும் சேற்றையும் கக்கியது. பிறகு தண்ணீரை வடித்து, எண்ணெய் மாற்றி, புகைக்குழாயின் வாயில் எண்ணெய்த் துணி அடைத்து, அப்பா "இத்துடன் முற்றும்" என்று புத்தகத்தை மூடினார். மழையும் வந்தது.

மழை விட்டு வெள்ளைக்காரர் திரும்பிய காலையில் நாங்கள் நாலு பேரும் கரையில் நின்றோம். பேட்டரியைக்கூட அம்மா நன்றாகத் துடைத்துத்தான் அனுப்பியிருந்தாள். சித்தப்பா படகில் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தடவை இருமியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. எல்லோரும் படகின் பின்பக்கத்தையே பார்த்தோம். கொஞ்ச நேரம் வெறும் புகைதான் வந்தது. பிறகு குபுக்கென்று தண்ணீர் கொட்டியது. அப்பா, கோயிலில்கூட அப்படிச் செய்யாதவர், இரண்டு கையையும் தூக்கிவிட்டார். வெள்ளைக்காரர் சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி நெடுநேரம் பேசினார். பக்கத்தில் போய்க் கேட்டுக்கொண்டிருந்த அப்பா திரும்பி வந்து மெதுவாக அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்தாள். சந்தோஷம் என்று நினைத்தேன். சந்தோஷமும்தான்.

"இனிமே சித்தப்பா எங்கயும் போக மாட்டாருல்ல?" என்று கேட்டேன். அம்மா குனிந்து என் ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

சித்தப்பா இன்று அதே மலேசியாவில், லங்காவித் தீவில், பெரிய படகுகளுக்கு எஞ்சின் பார்க்கிறார். படகுக்காரர்கள் தேடி வந்து கூட்டிப்போகிறார்கள். போனில் பேசினால் முக்கால்வாசி பம்பைப் பற்றித்தான் பேசுவார். ஏஜெண்டு வழியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நினைத்து இப்போதும் நான் நன்றி சொல்வதுண்டு.

ஆனால் ஒன்பது வயதில், அதுவரை அந்தப் படகு நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது ஓடையில் கட்டிய ஒரு வீடு. எஞ்சின் ஓடினால் படகு போகும், படகு போனால் எஞ்சின்காரரும் கூடப் போவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வாரம் கழித்து, கடல் தாண்டும் பயணத்துக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். சித்தப்பா புதுச் சட்டையில் பின்பக்கம் நின்று கொட்டும் தண்ணீரைச் சரிபார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். சாயங்காலம் வந்துவிடுவார் என்று நானும் சிரித்துக்கொண்டே கையசைத்தேன்.