தப்பாகச் சாப்பிடும் உத்தியோகம்

கரண்டி கீழே விழுகிறது. விழுகிறது என்ன, அவர்தான் விடுகிறார். விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஒரு லாரி பின்னோக்கி வருவதை உலகத்தில் இல்லாத அதிசயமாகப் பார்க்கிறார். மனசுக்குள் எண்ணிக்கை ஓடுகிறது. ஏழு எண்ணுவதற்குள் புதுக் கரண்டி ஒன்று சின்னத் தட்டில் வந்து சேர்ந்தால் பரிமாறுகிற மாணவிக்கு முழு மார்க். கீழே விழுந்ததையே பொறுக்கித் துடைத்துக் கொடுத்தால், "தங்கமே, அதை நீயே வெச்சுக்கோ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மடியில் இருக்கும் தாளில் பென்சிலால் ஒரு சுழி சுழிப்பார்.

கேட்டரிங் காலேஜ் ஒன்றில் விருந்தாளியாக இருப்பதுதான் இந்த அம்மாளுக்கு உத்தியோகம். அதிலும் மோசமான விருந்தாளி. பரிமாறக் கற்கும் மாணவர்கள் தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு வெள்ளை விரிப்பு விரித்து மேஜை போடுவார்கள். இவர் போய் உட்கார்ந்து அவர்கள் உயிரை எடுப்பார். மாணவர்கள் வைத்த பெயர் கெஸ்ட்டம்மா. வாட்ச்மேனிலிருந்து பிரின்சிபால் வரை எல்லோருக்கும் அதுதான் அவர் பெயர். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே காலேஜில் நாப்கின்களுக்கு இஸ்திரி போட வந்தவர்தான். ஒரு பரீட்சை நாளில் வரவேண்டிய விருந்தாளி வரவில்லை. "அக்கா, சும்மா போய் உட்கார்ந்து சாப்பிடுங்க, ஒண்ணும் பேச வேண்டாம்" என்று வாத்தியார் கையோடு இழுத்துக்கொண்டு போனார். ஒன்றும் பேச வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? சூப்பு சுடுகிறது, ரொட்டி ஆறிவிட்டது, நாற்காலி ஆடுகிறது என்று இவர் எடுத்து விட்டதில் இரண்டு மாணவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. வாத்தியார் அன்றைக்கே அவர் கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, நிரந்தர விருந்தாளி ஆக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வளர்த்துக்கொண்ட வித்தைகளுக்குக் கணக்கு இல்லை. சூப்பை உஸ் உஸ்ஸென்று ஊதுவார். நாப்கினைக் கழுத்தில் சொருகிக்கொள்வார். ரொட்டிக்கு வைத்த கத்தியால் வெண்ணெயை வெட்டி அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம்" என்பார். எல்லாவற்றுக்கும் மேல் அவர் கைப்பாடம் ஒன்று உண்டு. முள்கரண்டி இடது கையில், கத்தி வலது கையில் என்று மாணவர்கள் முதல் நாளே உருப்போட்டிருப்பார்கள். இவர் இரண்டையும் மாற்றிப் பிடித்து, வெகு சாவகாசமாகக் கோழியை நறுக்குவார். இப்போது பரிமாறுகிறவர் என்ன செய்ய வேண்டும்? திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது, பார்க்கவே கூடாது. அடுத்த தட்டு வரும்போது, இவர் பிடித்த பக்கத்திலேயே இரண்டையும் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். "கண்ணு என் கைக்குப் போச்சா, மார்க்கு போச்சு" என்பார் கெஸ்ட்டம்மா. ஒருத்தன் குனிந்து, "மேடம், ஃபோர்க் இடது கைல" என்று காதோடு சொன்னான். "அப்படியாப்பா? இத்தனை வயசுக்கு யாருமே சொல்லலையே!" என்று இவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். அவனுக்கு அன்றைக்கு முட்டை.

வீட்டில் ஆள் வேறு. மேஜைக்கு விரிப்பு உண்டு, வாய்க்குள் கவளம் இருந்தால் பேச்சு கிடையாது. "முழங்கையை எடுடா மேஜையிலேர்ந்து" என்று மகனை இன்றைக்கும் அதட்டுவார். மகன் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். ஒரு கோடு நூல் பிசகினால் சாப்பாடு இறங்காது. தாயும் பிள்ளையுமாக இரண்டே பேர் உள்ள வீடு. அவன் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது, கெஸ்ட்டம்மா ஒரு வாரம் பக்கத்து வீடு எதிர் வீடு எல்லாம் சொல்லி முடித்து, பேருந்து நடத்துனர் வரைக்கும் சொன்னார்.

பெண்ணின் அப்பா பல் டாக்டர், அம்மா ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. "எங்கம்மா காலேஜ்ல இருக்காங்க" என்று மகன் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தான். அதில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவர்கள் பேராசிரியை என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

முதல் தடவையாக அவர்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள். கெஸ்ட்டம்மா புதுப் புடவை, அளவான சிரிப்பு, அளவான பேச்சு. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சாப்பிடக் கூப்பிடுகிற வரைக்கும். உள்ளே போனால் வெள்ளை விரிப்பு. மடித்து நிறுத்திய நாப்கின். இரண்டு பக்கமும் பளபளவென்று கத்தி, முள்கரண்டி. கையில் தட்டோடு பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறது. பெண்ணின் அம்மாதான் நின்றார், ஆனால் பதினோரு வருஷப் பழக்கத்துக்கு அதெல்லாம் தெரியுமா? கை தன்பாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டது.

சூப்பை ஊதினார். கத்தியை இடது கைக்கும் முள்கரண்டியை வலது கைக்கும் மாற்றினார். கரண்டியைக் கீழே விட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்ணின் அம்மா ஓடிப்போய் வேறு கரண்டி கொண்டுவந்து வைத்ததும், "நாலுதான் எண்ணினேன். பரவாயில்ல, நல்ல வேகம்" என்று சொல்லி, மடியில் பென்சிலைத் தேடினார். பென்சில் இல்லை. அப்போதுதான் தலையைத் தூக்கி, மகன் முகத்தைப் பார்த்தார். பல் டாக்டர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று கெஸ்ட்டம்மாவுக்கு ஞாபகமே இல்லை.

திரும்பும்போது பேருந்தில் எட்டாவது நிறுத்தத்தில் மகன் கேட்டான்.

"ஏம்மா, வேணும்னே பண்ணியா?"

"சத்தியமா இல்லடா. கை பண்ணிடுச்சு."

"வேலைக்குப் போறது நீயா, உன் கையா?"

"நான் வேணா அவங்களுக்கு போன் பண்ணி, என் வேலையே இதுதான்னு சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவ? தப்புத் தப்பா சாப்பிட்டுக் காட்டி எங்கம்மா சம்பளம் வாங்கறாங்கன்னா?"

அந்த வார்த்தை அவரைச் சுருக்கென்று தைத்தது. அந்தச் சம்பளத்தில்தானே இவன் படித்தான்! சொல்லிக் காட்டலாம்தான். சொல்லவில்லை. பிள்ளை ஒருத்திமேல் ஆசைப்பட்டு, அவள் வீட்டில் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று தவிக்கிறான். அதைத் தன் கையாலேயே கெடுத்தோமே என்ற வேதனை பெரிதாக இருந்தது. மறுநாள் காலேஜில் எல்லோருக்கும் நல்ல மார்க் போட்டார். கெஸ்ட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று வாத்தியார் விசாரித்தார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அழைப்பு வந்தது. கல்யாணத் தேதி பேசலாம் என்றார்கள்.

"உனக்குக் காய்ச்சல்னு சொல்லிடறேம்மா" என்றான் மகன், செருப்பைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல்.

கெஸ்ட்டம்மா சமையலறைக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். பெற்ற பிள்ளை கல்யாணத்துக்குத் தேதி வைக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சலாம். அழுகை வந்தது, அழுதார். மகன் சொன்னபடியே போனில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டான். அரை மணி நேரத்தில் பெண்ணின் அம்மா கெஸ்ட்டம்மாவையே கூப்பிட்டார். "காய்ச்சல் விட்டப்புறம் வெச்சுக்கலாம் சம்பந்தியம்மா. நீங்க வராம தேதி பேசறதாவது! ஒரு மாசம் ஆனாலும் சரி."

ஒரு மாசம் தள்ளிப்போகும் என்றதும் மகனுக்குக் காய்ச்சல் வந்துவிடும் போல் ஆகிவிட்டது. "சரி, வா. ஆனா ஒழுங்கா இரும்மா. ப்ளீஸ்" என்றான்.

"தலையை அடமானம் வெச்சாவது ஒழுங்கா இருக்கேன். போதுமா?"

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை நடந்தது. பழைய துணியை இடது கை விரலில் சுற்றி, இது முள்கரண்டிக் கை என்று தனக்குத்தானே அடையாளம் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு நறுக்கினார். காலேஜில் மத்தியானம் தப்பாகச் சாப்பிடுவதும் சாயங்காலம் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதுமாக, வியாழக்கிழமைக்குள் எந்தக் கை எந்தக் கை என்று அவருக்கே குழம்பிவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி மகன் எதிரில் உட்கார்ந்து முழுக்கோழியையும் ஒரு பிசகு இல்லாமல் சாப்பிட்டுக் காட்டினார். அவன் திருப்தியாகத் தலையாட்டினான். கோழி எப்படி இருந்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். தேதி பேசி முடித்து, எழுந்து சாப்பாட்டறைக்குப் போனார்கள். அதே வெள்ளை விரிப்பு. கெஸ்ட்டம்மா வாசலிலேயே கண்ணை மூடி, இடது, வலது என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டு உள்ளே போய்த் தனக்குக் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேஜையில் ஐந்து பேருக்கு இடம் போட்டிருந்தது. நாலு இடத்தில் முள்கரண்டி இடது பக்கம், கத்தி வலது பக்கம். அவர் இடத்தில் மட்டும் மாறியிருந்தது. முள்கரண்டி வலது பக்கம், கத்தி இடது பக்கம், தண்ணீர் டம்ளர்கூட இடது கைக்கு எட்டுகிற மாதிரி தள்ளி வைத்திருந்தது. வைத்த சம்பந்தியம்மா இவர் பக்கம் திரும்பவே இல்லை. பருப்பு இந்த மாசம் வேகவே மாட்டேன் என்கிறது என்று மகளிடம் புகார் சொல்லிக்கொண்டே கிண்ணங்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.

கெஸ்ட்டம்மா முள்கரண்டியின் பிடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். இந்த அம்மாளுக்கு யார் வகுப்பு எடுத்தார்கள், யார் பரீட்சை வைத்தார்கள்? ஒரு மாசத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்தது. பேராசிரியை என்று நினைத்து அழைத்த ஒருத்தி மேஜையை அலங்கோலம் பண்ணிவிட்டுப் போனதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, அவள் கைக்கு எது வசதி என்று யோசித்து வைத்திருக்கிறது.

மகனும் பார்த்துவிட்டான். அவன் காது சிவந்தது. அம்மா வாரம் பூராவும் பழகியதெல்லாம் வீணாகப் போகக் கூடாதே என்று முன்னால் குனிந்தான்.

"அத்தை, அம்மாவுக்கு அந்தப் பக்கம் வேண்டாம், அவங்களுக்கும் எல்லாரையும் மாதிரியே..."

"எல்லாரையும் மாதிரியே பசிக்குதுன்றான்" என்றார் கெஸ்ட்டம்மா. மேஜைக்கு அடியில் மகனின் பாதத்தைத் தேடிப் பிடித்து, அதன் மேல் தன் காலை வைத்து நன்றாக அழுத்தினார். அழுத்தியபடியே முள்கரண்டியை வலது கையிலும் கத்தியை இடது கையிலும் எடுத்துக்கொண்டார்.