காவலாளி சொன்ன சேதி

பட்டறையில் லேத் எந்திரம் ஓட்டுகிற அவருக்கும் துணி ஆலையில் வேலை பார்த்த அவர் மனைவிக்கும் பேச்சில் பாதி ஓ.டி. பற்றித்தான். வாரத்தில் நாலு நாள் இருவரில் ஒருவருக்குக் கூடுதல் நேர வேலை இருக்கும். அவர் செல்போன் வைத்துக்கொண்டதில்லை. சேதியெல்லாம் பட்டறைக் காவலாளி வழியாகத்தான் வரும். முறுக்கு மீசைக்காக அவரை எல்லோரும் மேஜர் என்பார்கள்.

அன்று மாலை மேஜர் சொன்னார்: "தம்பி, உன் வீட்டுக்காரம்மா ஓ.டி.யில இருக்காங்களாம். ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு."

"இன்னைக்குமா? வயித்து வலின்னு காலையிலேயே முனகினா. லீவு போடுன்னா கேட்டாத்தானே!"

வீட்டுக்கு வந்து அவளுடைய சீருடையைத் துவைத்துப் போட்டார். சோறு வடித்தார். அவளுக்குப் பிடிக்குமே என்று அடியில் கொஞ்சம் தீயவிட்டார்.

அவளோடு வேலை பார்க்கிறவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அண்ணே, இங்கயா இருக்கீங்க? அக்காவுக்குக் குடல் வெடிச்சு ஆபரேஷன் நடக்குது. ஆபரேஷன் தியேட்டர்ல, அதான் ஓ.டி.யில இருக்காங்கன்னு நர்ஸ் உங்க பட்டறைக்குப் போன் பண்ணாங்களே!"

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் மூச்சு அடங்கியிருந்தது. "உள்ள போறதுக்கு முன்னாடி, அவர் வந்துட்டாரான்னு ரெண்டு தடவை கேட்டாங்க," என்றாள் நர்ஸ்.

மறுவாரம் மேஜர் வந்து வாசலில் நின்றார். "எங்கேருந்து பேசறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்பா. பாவி, கேக்கலியே."

பரவாயில்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. கோபமும் வரவில்லை. "உள்ள வாங்க," என்றார். மேஜர் வந்து பாயில் உட்கார்ந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

நாலு மாதம் கழித்து, கவனம் பிசகி, அவருடைய வலது கை லேத்தில் மாட்டியது. காயம் ஆறியும் விரல்கள் மடங்கவில்லை. "ஓ.டி.க்கு எழுதித் தர்றேன்," என்றார் டாக்டர்.

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். "வேண்டாங்க. கை இப்படியே கிடக்கட்டும்."

"ஆபரேஷன் இல்லீங்க. அன்றாட வேலையைக் கை பழகறதுக்கான பயிற்சி. அதுக்கும் ஓ.டி.ன்னுதான் பேரு."

புரிந்தது. ஆனாலும் பயிற்சி அறைக் கதவில் அந்த எழுத்துகளைப் பார்த்ததும் உள்ளே போகவில்லை. எதிர் பெஞ்சில் மதியம்வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்.

அடுத்த முறை மேஜரும் கூட வந்தார். தானே முதலில் உள்ளே எட்டிப் பார்த்தார். "கத்தியுமில்ல, கட்டிலுமில்ல. மேசையில களிமண்ணும் டம்ளரும்தான் இருக்கு. வாப்பா."

போனார். டம்ளர் மூன்று முறை நழுவி விழுந்தது. கண்ணீர் வழிவதைப் பார்த்துப் பயிற்சி தருகிற பெண் கேட்டாள்: "ரொம்ப வலிக்குதா?"

"ஆமாம்மா," என்றார்.