இரண்டாகப் பிரிந்து நின்ற டிராக்டர்

சித்தி டிராக்டர் வாங்கிய அன்று, டீலருக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு முழுவதும் என் வழியாகத்தான் நடந்தது. டீலருக்கு எங்கள் மொழி தெரியாது. சித்திக்கு அவருடைய மொழி தெரியாது. நான் இரண்டிலும் படித்தவள் என்பதால், நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு தகரக் கிடங்கு அது. ஒரு பக்கம் டிராக்டர்கள் மரச்சட்டத்துக்குள் சக்கரம் இல்லாமல் இருந்தன. சக்கரங்கள் இன்னொரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. டீலரின் அலுவலகம் என்பது ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு காலண்டர்.

சித்தி முதலில் கேட்டது விலையை இல்லை.

"இது கெட்டுப்போனா யார் பார்ப்பாங்கன்னு கேளு."

கேட்டேன். "கெடாதாம், சித்தி."

"கெடாத வண்டியை இவர் ஏன் விக்கிறார்? தானே வச்சு உழ வேண்டியதுதானே?"

அதையும் அப்படியே சொன்னேன். டீலர் சிரித்தார். ரொம்ப எளிமையான வண்டி, உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, நாலு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் இருந்தால் யாரும் பிரித்து மாட்டலாம் என்றார்.

"சரி. கெட்டுப்போச்சுன்னே வச்சுக்குவோம். பார்ட்ஸ் எங்கேருந்து வரும்?"

"கப்பல்ல வருமாம்."

"எப்ப வரும்?"

டீலர் காலண்டரைப் பார்த்தார். அது போன வருடத்துக் காலண்டர். பிறகு என் பக்கம் திரும்பி நீளமாகப் பேசினார்.

"நிறைய பேர் ஒண்ணாக் கேட்டா சீக்கிரம் வருமாம், சித்தி. ஒருத்தர் மட்டும் கேட்டா லேட்டாகுமாம்."

"ஷேர் ஆட்டோ மாதிரியா? ஆள் சேர்ந்தாத்தான் கிளம்புமா?"

ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

"மெக்கானிக் இருக்காரா?"

"ஒருத்தர் இருக்காராம். ஆனா அவர் நம்ம பக்கம் வரமாட்டாராம். வண்டியை நாமதான் இங்க கொண்டு வரணுமாம்."

"ஓடாத வண்டியை எப்படி ஓட்டிட்டு வர்றது?"

இந்தக் கேள்விக்கு டீலர் டீ வரவழைத்தார்.

சித்தி டீயைத் தொடவில்லை. எழுந்துபோய் ஒரு வண்டியைச் சுற்றி வந்தாள். கை எட்டிய ஒவ்வொரு நட்டையும் விரலால் திருகிப் பார்த்தாள். திரும்பி வந்து, "ஒண்ணைத் தவிர எல்லாத்துக்கும் ஒளிக்காம பதில் சொல்லிட்டார். வாங்கிக்கிறோம்னு சொல்லு" என்றாள்.

சித்தப்பா அப்போது தொலைதூர லாரியில் இருந்தார். வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான். நிலத்துப் பாடு சித்தியுடையது. எங்கள் பக்கத்தில் வாய்க்காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் பள்ளத்து நிலம். துண்டு துண்டாகக் கிடக்கும். பெரிய டிராக்டர் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டால், "உங்க நிலத்துல வண்டியைத் திருப்பணும்னா பக்கத்து நிலத்துக்காரன்கிட்ட பர்மிஷன் வாங்கணும்" என்று கேலி செய்துவிட்டு வராமலே இருந்துவிடுவார்கள். அதற்குத்தான் சித்தி இந்தச் சின்ன வண்டியை வாங்கினாள். வாங்கிய முதல் பருவத்திலேயே பள்ளத்துக்காரர்கள் எல்லாரும் அவளிடம் வந்துவிட்டார்கள்.

அதே டீலரிடம் அதே வண்டியை வாங்கியவர்கள் சுற்றுவட்டாரத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் சித்தி ஒருத்திதான் பெண். எப்போது பார்த்தாலும் அவள் பையில் உதிரி நட்டுகள் குலுங்கும் என்பதால் மற்ற ஆறு பேரும் அவளை நட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டீலர் சொன்ன ஷேர் ஆட்டோ கணக்கை அவர்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு பேரும் சேர்ந்து, அடிக்கடி போகக்கூடிய சாமான்களில் ஒவ்வொன்றை வரவழைத்து ஆளுக்கு ஒன்றாகப் பெட்டியோடு வீட்டில் வைத்துக்கொண்டார்கள். யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் புதிதாக ஒன்று வரவழைத்து வைக்க வேண்டும். டீலரோடு பேசும் வேலை ஏழு பேருக்கும் சேர்த்து என்னுடையது.

ஆனால் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கை அளவானது. சொந்த வண்டியில் தேய்ந்ததைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதியதை யாராவது மாட்டிக்கொண்டால்? அதனால் ஒவ்வொரு பெட்டியையும் மூடி, மூடி விளிம்பில் சிவப்பு பெயின்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் ஏழு பேரும் அதில் கட்டைவிரலைப் பதித்தார்கள். வண்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் சாமான் கெட்டதை இன்னும் இரண்டு பேர் கண்ணால் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம் என்பது சட்டம். கிளட்ச் பிளேட் பெட்டி சித்தி வீட்டு அலமாரியில் இருந்தது.

அந்த வருடம் மழைக்கு முன் உழவு ஆரம்பித்த வாரத்திலேயே சித்தியின் வண்டி மேட்டில் ஏறாமல் நின்றது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை, கருகிய வாடை வருகிறது. கிளட்ச் போய்விட்டது என்று பார்க்காமலே தெரிந்தது. ஒரு பெரிய மழை விழுந்தால் பள்ளத்து நிலம் சேறாகிவிடும். அதற்குப் பிறகு எந்த வண்டியும் இறங்க முடியாது. உழாத நிலத்துக்கு அந்தப் பருவம் போனது போனதுதான்.

இந்த வண்டியில் கிளட்சைத் தொட வேண்டும் என்றால் வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பட்டறை வைத்திருந்த வெல்டர் வந்தார். சாட்சிக்கு மாவு மில்காரரும் தச்சரும் வந்தார்கள். அவர்களும் ஏழு பேரில் இருவர். பின்பாதிக்கு அடியில் கட்டைகளை அடுக்கி, முன்பாதியை ஜாக்கியில் தாங்கி, போல்ட்டுகளைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக முன்னால் தள்ளினார்கள். வீட்டு முற்றத்தில் எஞ்சினும் முன்சக்கரங்களும் ஒரு பக்கம், இருக்கையும் பெரிய சக்கரங்களும் ஒரு பக்கம் என்று வண்டி நின்றது. நடுவில் ஆள் நடக்கலாம்.

"கெட்டதைப் பார்த்தாச்சா? நல்லாப் பார்த்துக்குங்க. அப்புறம் நட்டு அக்கா நல்லதைக் கழட்டி வித்துட்டான்னு சொல்லக் கூடாது" என்றாள் சித்தி.

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. பெட்டியை உடைங்க" என்றார் மில்காரர்.

சித்தி ஏழு கட்டைவிரல் பதிவையும் உளியால் பிளந்து புதிய பிளேட்டை எடுத்துக் கொடுத்தாள். வெல்டர் அதைத் தண்டில் மாட்டினார். நுழையவில்லை. திருப்பி மாட்டினார். துணியால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். பிறகு பழையதையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நடுத்துளையின் பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை.

"இது வேற வண்டிக்கு உள்ளது" என்றார்.

வேறு வண்டி இல்லை. இதே வண்டிதான்; ஆனால் முன்னால் வேறு கப்பலில் வந்த வண்டிகளுக்கான பிளேட் அது. நடுவில் கம்பெனி துளையை மாற்றியிருக்கிறது. நிறமும் எழுத்தும் இருக்கையும் ஒன்றாக இருந்ததால் ஏழு பேருக்கும் அது தெரியவில்லை. பெட்டி வந்த அன்றே ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு, பார்க்கவும் விடவில்லை.

நான் டீலரை போனில் கூப்பிட்டேன். சரியான பிளேட்டை அடுத்த கப்பலில் சேர்த்துவிடலாம் என்றார். அடுத்த கப்பல் மழைக்குப் பிறகு.

சித்தி பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தச்சரையே பார்த்தாள். தச்சரின் வண்டியும் சித்தியின் வண்டியும் ஒரே கப்பலில் வந்தவை. அவருடைய வண்டி டீசல் பம்ப் போய் மூன்று மாதமாகக் கொட்டகையில் நின்றது. பம்ப் அப்போது கப்பலில் வந்துகொண்டிருந்தது. கிளட்ச் நன்றாக இருந்தது.

தச்சருக்கும் புரிந்துவிட்டது. "வீட்டுல வேலை கிடக்கு" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அன்று மாலை சித்தி என்னையும் அழைத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனாள். வழியில், "நீ எதுவும் பேச வேண்டாம். நான் கெஞ்ச ஆரம்பிச்சா மட்டும் என் காலை மிதி" என்றாள்.

தச்சர் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "முடியாது அக்கா" என்றார்.

"இன்னும் நான் கேக்கவே இல்லையே."

"கேக்க வேண்டாம்னுதான் சொல்றேன். நம்ம ஏழு பேர்ல கால்வாய்க்காரர் வண்டி என்ன ஆச்சு? ஒருத்தர் ரேடியேட்டர் கேட்டார். கொடுத்தார். அடுத்தவர் டைனமோ கேட்டார். கொடுத்தார். இப்ப அதுல கோழி முட்டை போடுது."

"நான் கோழி வளர்க்கிறதில்லை."

தச்சர் சிரிக்கவில்லை. இழைப்புளியைக் கீழே வைத்தார். "படுத்த வண்டியிலேருந்து ஒரு சாமான் போச்சுன்னா, அது எழுந்திரிக்காதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிடுறாங்க. நீங்களும் பண்ணிடுவீங்க."

"பம்ப் வந்த அன்னைக்கு பிளேட் உங்க வாசல்ல இருக்கும்."

"மறுநாள்னு சொல்லக் கூடாது."

"மறுநாள் இல்லை."

"பாதி நிலம் பாக்கி இருக்குன்னாலும்?"

அவள் செருப்புக்கு அருகில் என் கால் தயாராக இருந்தது. "இருந்தாலும்" என்றாள்.

மறுநாள் தச்சரின் வண்டியையும் பிரித்தார்கள். அவர் வெளியே வந்து பார்க்கவே இல்லை; உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிளேட் சித்தியின் வண்டிக்கு வந்தது. முற்றத்தில் இருந்த இரண்டு பாதியும் ஒன்றானது.

அதன் பிறகு சித்தி வீட்டில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டாள். உழும்போது கிளட்ச் மிதியில் காலை வைத்தால் உடனே எடுத்துவிடுவாள், இன்னும் வாங்காத செருப்பைக் கடையில் போட்டுப் பார்ப்பது போல. அடுத்தவர் சாமான், தேயக் கூடாது. பள்ளத்தில் துண்டு துண்டாக நிலம் புரண்டது. தினமும் பகலில் மேகம் கூடும், கலையும். வரிசையில் கடைசியாக இருந்தவை இரண்டு நிலங்கள், அக்கா தங்கை இருவருடையவை. அவர்கள் வாய்க்கால் கரையில் குடை பிடித்து உட்கார்ந்து, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "நட்டு, எங்களை மறந்துட்டியா, இல்ல எங்களையும் பெட்டியில வச்சு பெயின்ட் அடிச்சுட்டியா?" என்று அக்காக்காரி கத்துவாள். "நாளைக்கு உங்களுதுதான்" என்று சித்தி கையைத் தூக்கிக் காட்டுவாள்.

அவள் சொன்ன அந்த மறுநாள் காலை டீலர் என்னை போனில் கூப்பிட்டார். தச்சரின் பம்ப் எதிர்பார்த்ததற்கு முன்பே இறங்கிவிட்டது, எங்கள் பக்கம் வரும் பார்சல் வேனில் ஏற்றியாயிற்று, மதியம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

நான் வயலுக்குப் போனேன். சித்தி அக்காக்காரியின் நிலத்து வரப்பில் வண்டியை நிறுத்தி, கலப்பையில் சிக்கிய வேரை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த நிலத்தில் இன்னும் ஒரு சால்கூடப் போடவில்லை. வானம் கிழக்கே கறுத்திருந்தது. நான் சொன்னேன்.

"தச்சருக்குத் தெரியுமா?"

"இல்லை. டீலர் என்கிட்டதான் சொல்வார்."

அவள் அரிவாளைத் துடைத்தாள். கரையில் இரண்டு குடைகளும் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் போதும். ஒரே ஒரு நாள் நான் வாயைத் திறக்காமல் இருந்தால், இரண்டு நிலமும் முடிந்துவிடும். அதை அவளும் நினைத்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "வேன் லேட்டாகும்னு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சித்தி அதன் மூடியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கலப்பையைத் தூக்கி, வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

வரப்பு முடியும் இடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"நீ முதல்ல தச்சர்கிட்ட போய், பம்ப் வந்துடுச்சு, பிளேட் சாயங்காலத்துக்குள்ள வரும்னு சொல்லிடு. வெல்டரையும் வரச் சொல்லு, பிரிக்கவே பொழுது போயிடும்."

"கரையில இருக்கிறவங்க?"

அவள் குடைகளின் பக்கம் பார்க்கவில்லை.

"அவங்ககிட்டயும் நீதான் சொல்லணும். என்னால முடியாது. ஆனா வண்டி கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லாதே. வண்டி நல்லா ஓடுது, சித்திதான் நிறுத்திட்டாங்கன்னு சொல்லு."