ஒப்புதலுக்குப் போன ரெஸ்யூமே

மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற வெங்கடேஸ்வரனுக்கு தலைநகரின் துவாரகா பகுதி பிளாட்டில் சும்மா உட்கார முடியவில்லை. தனியார் கம்பெனி ஒன்றில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு ரெஸ்யூமே எழுதினார். மூன்று பக்கம் வந்தது. அதில் எல்லாம் இருந்தது, அவரைத் தவிர. 'செக்‌ஷன் நடவடிக்கை எடுத்தது', 'அமைச்சகம் முடிவு செய்தது' என்றே போனது. யார் செய்தாலும் அப்படித்தான் எழுதிப் பழக்கம்.

மேலே ஒருவர் பார்க்காமல் எதையும் அனுப்பியும் பழக்கமில்லை. அதனால் ரெஸ்யூமேயை ஒரு பைலில் கட்டி, 'ஒப்புதலுக்கு' என்று சீட்டு ஒட்டி, மனைவி சுந்தரவல்லி காய் நறுக்கும் மேஜையில் வைத்துவிட்டு வாக்கிங் போனார்.

திரும்பி வந்தபோது ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதியிருந்தது. பைலில் இருப்பது பிடிக்காவிட்டால் பெரிய அதிகாரிகள் எழுதும் அதே சொல், அதே பச்சை மை. சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஆபீஸ்ல மழைத்தண்ணி புகுந்தப்போ பென்ஷன் பைலையெல்லாம் மாடிக்குத் தூக்கினது யாரு?"

"செக்‌ஷன்."

"அப்போ நான் செக்‌ஷனுக்கா முதுகுல தைலம் தேய்ச்சேன்? நீங்க பண்ணினதை நீங்க பண்ணினதா எழுதுங்கோ."

மூன்று பக்கம் ஒரு பக்கமானது. கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அந்த பைல்களையெல்லாம் தனியாகவா தூக்கினீர்கள் என்று நேர்காணலில் ஹிந்தியில் கேட்டார்கள்.

"தூக்கினது நான். தைலம் தேய்த்தது என் மனைவி" என்றார்.

சிரித்துக்கொண்டே திங்கட்கிழமை வேலையில் சேரச் சொன்னார்கள். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.