உப்புத் தண்ணீர் குடித்த டிராக்டர்

எங்கள் அலுவலக கேன்டீன்காரர் காபியில் பாலைத் தாராளமாக ஊற்றுவார். வெளிறிப்போய் நுரைத்து வரும் அந்த டம்ளரைப் பார்த்தாலே நான் நகர்ந்துவிடுவேன். உடம்பைக் குறைக்கிறேன் என்று தோழிகள் நினைக்கிறார்கள். என் உருவத்தைப் பார்த்த பிறகும் அப்படி நினைக்கிறார்களே, நல்ல மனசு. உண்மையில் எனக்கு அந்த நிறம்தான் ஆகாது. அண்ணனின் டிராக்டர் எண்ணெய் ஒருநாள் அதே நிறத்தில் வந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி எங்கள் காலனி. அப்பாவும் தாத்தாவும் பிறத்தியார் நிலத்தில் குனிந்தே கிடந்தவர்கள். சாமுவேல் அண்ணன் பல வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, கடைசியில் ஒரு பழைய டிராக்டரை வாங்கினான். எங்கள் தெருவுக்கு வந்த முதல் டிராக்டர். வந்த அன்றைக்கே சர்ச்சுக்கு ஓட்டிப்போய் ஜெபம் பண்ணினோம். டீசல் புகையில் பாஸ்டர் ஜெபத்தைவிட இருமியதுதான் அதிகம்.

ஊரில் நிறைய நிலம் வைத்திருந்த பெரியவருக்குத்தான் அண்ணன் அதிகம் ஓட்டினான். அவர் நிலத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. அதில் நாங்கள் கை வைக்கக் கூடாது. அந்த வீட்டு ஆள் வந்து இறைத்து, மேலேயிருந்து எங்கள் கேனில் ஊற்ற வேண்டும். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லையே என்பீர்கள். சட்டம் அந்தக் கிணற்றுப் பக்கம் வந்ததே இல்லை.

ரேடியேட்டர் கொதிக்கும்போதெல்லாம் அண்ணன் கிணற்றடியில் நின்று தண்ணீர் கேட்டுக் குரல் கொடுப்பான். பாதி நாள் யாரும் வர மாட்டார்கள். வேறு வழியில்லாமல் உப்பங்கழித் தண்ணீரை மொண்டு ஊற்றியிருக்கிறான். உப்பு உள்ளே படிந்து, இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அது ஒன்றுமில்லை, தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் பிரித்து வைக்கும் ஒரு தகடு. பிரித்து வைப்பதில் அவ்வளவு தேர்ந்த எங்கள் ஊரில், பிரிக்க வேண்டிய அது ஒன்று மட்டும் கிழிந்து தொலைத்தது.

“எண்ணெயில தண்ணி பூந்துகினு கீது பாப்பா,” என்று அண்ணன் எண்ணெய் அளக்கும் குச்சியை என் முன்னால் நீட்டினான்.

செங்கல்பட்டு மெக்கானிக் வந்து பார்த்தார். “இன்ஜின் மேல்மூடி, ஹெட்டு, வளஞ்சி கீது அண்ணாத்த. லேத்துல குடுத்து மட்டம் பண்ணாம மாட்னா புது கேஸ்கெட்டும் நிக்காது.”

இரும்பைச் சீவி மட்டமாக்கும் லேத்துப் பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. பெரியவரோ வயலில் ஈரம் காய்வதற்குள் திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் விட்டால் மற்றவர்களும் விடுவார்கள். அண்ணன் புது கேஸ்கெட்டை வாங்கி வந்து, ஹெட்டை மட்டம் பண்ணாமல் அப்படியே மாட்டுவது என்று முடிவு செய்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. எனக்கு அப்போதுதான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை கிடைத்திருந்தது. நெயில் பாலிஷ் போட்ட கையில் பிளேடைப் பிடித்து, ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டினேன். பாலிஷும் போனது, நகமும் போனது. அண்ணன் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். அம்மா குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தாள்.

“நமக்கே இல்ல. இன்னா பண்றது, ஊத்து.”

இன்ஜின் உறுமிக் கிளம்பியது. அம்மா அழுதாள்.

திங்கட்கிழமை வயலில் பெரியவர் கேட்டாராம்: “இன்னாடா சாமுவேலு, கழித் தண்ணிய ஊத்தினியாமே? கேட்டா ஊத்த மாட்டாங்களா?”

“கேட்டன்யா.”

“சத்தமா கேக்கணும்டா.”

இதை அண்ணன் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்.

அறுவடைக்கு முன்பே கேஸ்கெட் மறுபடி போனது. இந்த முறை இன்ஜினின் அடிக்கட்டான பிளாக்கிலும் விரிசல். வண்டி பழைய இரும்புக்குப் போனது. பெரியவர் புது டிராக்டர் வாங்கி, ஓட்டுவதற்கு அண்ணனையே கூப்பிட்டார். அண்ணனும் போனான்.

இப்போது அங்கே வயல் இல்லை, மனைகள். கிணற்றையும் மூடிவிட்டார்கள். பழைய ஊர் போச்சே என்று உருகுகிறவர்கள் உருகட்டும், அந்தக் கிணறு போனதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது.

அண்ணன் பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறான். போன வாரம் வழியில் பார்த்து ஏறிக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது. “நிறுத்தி என்னன்னு பாருண்ணா,” என்றேன்.

அவன் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. “ஓனர் பாத்துக்குவாரு பாப்பா. நமக்கு இன்னா?”